கரியைப் பூட்டி வைக்கக் கிளம்பின பேராண்டிக்கு

சந்தோஷமா கையெழுத்துப் போடுறேன் தம்பி. மாட்டேன்னு யாரு சொன்னா? உங்க கம்பெனிக்காரன் நாப்பது வருஷத்துக்கு ஒப்பந்தம் கேக்குறான். எனக்கு எம்பது முடிஞ்சாச்சு. நூத்தி இருபது வயசு வரைக்கும் நான் திடமா இருப்பேன்னு நம்புற ஒரே ஆளு உங்க மேனேஜர்தான். பெத்த பயலுவளுக்கே அந்த நம்பிக்கை கிடையாது. போன மாசம்தான் வந்து பாகப்பிரிவினை பேசிட்டுப் போனானுவ.

நம்ம தென்னை காத்துல இருக்கிற கரியை இழுத்து உடம்புல வச்சுக்குமாம். அதுக்கு டன் கணக்குல விலை போட்டு, புகை விடுற ஆலைக்காரனுக்கு விப்பானுவளாம். அவன் பணத்தைக் குடுத்துட்டு நிம்மதியா புகை விடுவானாம். நல்ல யாவாரம். காசியில போய்ப் பாவத்தைத் தொலைக்க ரயில் சார்ஜாவது ஆகும். இதுல அதுவும் மிச்சம்.

ஆனா கையெழுத்துக்கு முந்தி கொஞ்சம் காது குடு. போன தடவை வந்தப்ப இந்தக் கரிக் கணக்கைப் பத்தின ஒரு தடிப் புஸ்தகத்தைத் திண்ணையில விட்டுட்டுப் போயிட்ட. மடிப்புக் கலையாம புதுசா இருந்துச்சு, நீ தொடவே இல்லைன்னு தெரிஞ்சுது. சரி, வாங்கின காசுக்கு யாராவது ஒருத்தர் படிக்கணுமேன்னு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நான் படிச்சேன்.

அதுல இருக்கிறது உனக்குப் புரியணும்னா மொய்க் கணக்குலதான் சொல்லணும். நம்ம பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி பொறந்துட்டா மொய் விருந்து. கறிசோத்தைப் போட்டு, நோட்டைத் திறந்து வச்சு, லட்சக்கணக்குல வசூல் பண்ணுவான். அன்னிக்கு ராத்திரி அவன்தான் ஊருக்குள்ள பணக்காரன். ஆனா அதுல ஒத்தைப் பைசா அவனுது கிடையாது. எழுதினவன் ஒவ்வொருத்தனும் அடுத்தடுத்து பந்தல் போடுவான். இவன் போய்த் திருப்பிச் செஞ்சாகணும். மரம் மட்டை சங்கதியும் இதுதான். காத்துலேர்ந்து வாங்கி இலையும் தண்டும் வேருமா வச்சுக்குது. இலை உதிர்ந்து மக்கினா, மாடு மேஞ்சா, அடுப்புல எரிஞ்சா, வாங்குனதைத் திருப்பிக் குடுத்துடணும். உலகத்துல உள்ள அம்புட்டுப் பயிர் பச்சையும் ஒரு வருஷத்துல காத்துலேர்ந்து வாங்குற கரி பன்னண்டாயிரம் கோடி டன்னுக்குக் குறையாது. மூச்சு விட்டும் மக்கியும் எரிஞ்சும் திரும்பிப் போறதும் அநேகமா அதே அளவுதான். கொஞ்சூண்டுதான் கையில நிக்கும்.

இந்த வரவு செலவைக் கருவி வச்சுப் பாத்த மனுஷன் சார்லஸ் டேவிட் கீலிங்குன்னு ஒரு அமெரிக்காக்காரரு. 1958-ல ஹவாய்த் தீவுல மௌனா லோவாங்கிற எரிமலை மேல கருவியை வச்சு, காத்துல கரியமில வாயு எம்புட்டு இருக்குன்னு அளக்க ஆரம்பிச்சாரு. கோடு நேரா போகாம ஏறி ஏறி இறங்குச்சு. வடக்கத்தித் தேசங்கள்ல காடு துளிர்த்துப் பச்சை பிடிக்கையில வாயு குறைஞ்சுக்கிட்டே வந்து செப்டம்பர் வாக்குல அடிமட்டம். குளிர்காலத்துல இலை கொட்டி மக்கையில மறுபடி ஏறி மே மாசம் உச்சம். ஆனா எந்த வருஷமும் போன வருஷத்து மட்டத்துக்கு இறங்கி வரலை. பத்து லட்சத்துக்கு 315 பங்குன்னு தொடங்கினது, 2024-ல 420-ஐத் தாண்டிருச்சு. ஆலையும் ரயிலும் வர்றதுக்கு முந்தி 280-தானாம். மொய் நோட்டுல பேரே இல்லாத எவனோ பந்தல்ல கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்திருக்கான். அவன் யாருங்கிறதுக்கு அப்புறம் வர்றேன்.

"மரம் போனா என்ன தாத்தா, கடல் இருக்கே, அது எம்புட்டு வேணா குடிக்கும்"னு போன்ல சொன்னே. அதையும் பாத்துடுவோம். கடல்ல இருக்கிற கரி 38 லட்சம் கோடி டன் வாக்குல. காத்துல இருக்கிறது 90,000 கோடி டன்தான். ஒண்ணுக்கு நாப்பது மடங்கு கடல்லதான் கிடக்கு. அதுலயும் மீனு, பாசி, திமிங்கிலம்னு உயிரோட அலையறது துக்குணூண்டு. மத்ததெல்லாம் தண்ணியில உப்பாட்டம் கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாமக் கிடக்கு. இதைப் பாத்தா எனக்கும் உன்னை மாதிரிதான் தோணுச்சு. இம்மாம் பெரிய கடலு, நம்ம புகையை ஒரு மடக்குல குடிச்சிடாதான்னு.

பெரிய படிப்பு படிச்சவங்களும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனைச்சிருக்காங்க. 1957-ல ரோஜர் ரெவெல்லும் ஹான்ஸ் சூயஸும் சேந்து எழுதுன கட்டுரைதான் அந்த நெனப்புல மண்ணைப் போட்டது. கடல்தண்ணிக்கு ஒரு குணம் உண்டு. காத்துல வாயு நூத்துக்குப் பத்து கூடினா, மேல்தண்ணியில கரைஞ்ச கரி நூத்துக்கு ஒண்ணுதான் கூடும். கரைஞ்ச வாயுவைப் பிடிச்சுக் கட்டிப்போட ஒரு சரக்கு தண்ணிக்குள்ள இருக்கணும். அது அளவாத்தான் இருக்கு. குடிக்கக் குடிக்க அது குறையுது, தண்ணியோட காரத்தன்மையும் இறங்குது. காரம் புளிப்பு பாக்குற அளவுல 8.2-ஆ இருந்தது 8.1-ஆ வந்தாச்சு. புள்ளி ஒண்ணுதானேன்னு சிரிக்காதே. அந்தப் புள்ளி ஒண்ணுக்குள்ள புளிப்பு முப்பது சதவீதத்துக்குக் கிட்டக் கூடியிருக்கு. ஓடு கட்டுற சிப்பிக்கும் பவளத்துக்கும் அது தெரியும்.

வெயில் காலத்துல பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கோலி சோடா குடிச்சிருக்கியா? அதுல அடைச்சிருக்கிறது இதே வாயுதான். ஐஸ்ல கிடந்த பாட்டிலை உடைச்சா கடைசி மடக்கு வரைக்கும் சுருசுருன்னு நாக்குல ஏறும். வெயில்ல கிடந்ததை உடைச்சா பொங்கி வழிஞ்சு சட்டையை நனைச்சிட்டு, மிச்சம் சப்புன்னு கிடக்கும். கடலுக்குத் தனிச் சட்டம் ஒண்ணும் கிடையாது. குளிர்ந்த தண்ணி வாயுவை நல்லாக் குடிக்கும், சூடான தண்ணி உமிழும். அட்லாண்டிக்குக்கு வடகோடியிலயும் தென்துருவத்தைச் சுத்தியும் தண்ணி குளிர்ந்து, கனத்து, குடிச்ச வாயுவோட அடியாழத்துக்கு இறங்குது. இறங்கினது மறுபடி மேல வந்து வெயிலைப் பாக்க ஆயிரம் வருஷம் வாக்குல ஆகுமாம். பூட்டுன்னா அது பூட்டு.

ஆனா எல்லாக் கடலும் நமக்குச் சேவகம் பண்ணக் காத்துக்கிட்டு இல்லை. அரபிக்கடலைப் பாரு. தென்மேற்குப் பருவக்காத்து தள்ளுற தள்ளுல ஆழத்துத் தண்ணி மேல வரும், வரும்போதே கரியோட வரும். வருஷக் கணக்குப் பாத்தா அது வாங்குற கடல் இல்லை, குடுக்குற கடல். உலகம் சூடேற ஏற மேல்தண்ணி இன்னும் சூடாகும், குடிக்கிற தாகமும் குறையும். அதனால நீ வண்டியை நல்லா வேகமா ஓட்டு தம்பி, ஏசியைப் பதினாறுல வை. தண்ணி காயக் காய கடல் தானா வாயை மூடிக்கும். அப்புறம் அதை நம்பி யாரும் ஏமாற வேண்டியதில்லை பாரு.

கடல்ல இன்னொரு வழியிலயும் கரி கீழே போகுது. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெக்கமா இருக்கு. மேல்மட்டத்துல கண்ணுக்குத் தெரியாத பாசி வெயில்ல வளருது. அதை ஊசிமுனை கணக்கா இருக்கிற பூச்சி மேயுது. மேஞ்சதும் என்ன பண்ணும்? நீயும் நானும் காலையில பண்றதைத்தான். அந்தப் புழுக்கையும், செத்த பாசியும், பூச்சி உதிர்த்த தோலும் பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு ராப்பகலாக் கீழே இறங்கிக்கிட்டே இருக்கு. கோட்டு சூட்டு போட்டு மாநாடு நடத்துறானுவளே, அவனுவ அடிக்கிற வாயுவுல ஒரு பங்கை இந்தப் பூச்சிப் புழுக்கைதான் சுமந்துக்கிட்டுப் போகுது. ஒரு நன்றி உண்டா? நூத்துல தொண்ணூறு பேருக்கு அதும் பேரே தெரியாது.

இந்தப் பூச்சிக்கூட்டம் பகல்ல இருட்டுல பதுங்கும், அந்தி சாஞ்சதும் மேல வந்து மேயும், விடியறதுக்குள்ள இறங்கிடும். உலகத்துலயே பெரிய இடமாத்தம் இதுதானாம், தினம் தினம் நடக்குது. ரெண்டாம் உலகப் போருல நீர்மூழ்கியைத் தேட ஒலி அனுப்பிக் கேட்டவனுவளுக்கு, கடலோட அடித்தரை நடுவுல மிதக்கிற மாதிரியும் ராத்திரியானா மேல ஏறி வர்ற மாதிரியும் எதிரொலி கேட்டிருக்கு. எந்த நாட்டு ஆயுதமோன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருப்பானுவ. கடைசியில பாத்தா ராச்சாப்பாட்டுக்குக் கிளம்புன கூட்டம்! ஆனா இவங்க இறக்குறதும் முழுசா அடிக்குப் போய்ச் சேராது. வழியிலயே வேற ஜீவன் தின்னு மூச்சா விட்டுடும். மேல்மட்டத்தை விட்டுக் கிளம்புறதுல நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் அடிச்சேத்துல புதையும்.

"அப்ப அந்தப் பாசிக்கு உரம் போட்டா என்ன?"ன்னு கேப்பே. உன் மூளை அப்படித்தான் போகும். உனக்கு முந்தியே போன மூளை இருக்கு. 2009-ல நம்ம கோவா கடலாய்வு நிறுவனத்து ஆளுங்களும் ஜெர்மனிக்காரங்களும் ஒரு கப்பல்ல தென்கோடிக் கடலுக்குப் போய், 300 சதுர கிலோமீட்டர் தண்ணியில இரும்புச் சத்தைக் கரைச்சு விட்டாங்க. லோஹாஃபெக்ஸ்னு அந்த ஆராய்ச்சிக்குப் பேரு. அந்தக் கடல்ல மத்த சத்து அநேகமா இருக்கு, இரும்புதான் பெரிய குறைச்சல். பாசி நல்லாத்தான் கிளம்புச்சு. ஆனா கண்ணாடி ஓடு கட்டிக்கிட்டு கனமா முங்குற ஜாதிப் பாசி கிளம்பலை. அந்த ஓட்டுக்கு வேண்டிய மணல் சத்து அந்தத் தண்ணியில இல்லை. மெல்லிசான ஜாதிதான் வளந்துச்சு. பூச்சி வந்து ஒரு வழி பண்ணிடுச்சு. பூச்சியைத் தின்ன இறால் மாதிரி ஒண்ணு அதுக்கும் பின்னாடியே வந்துச்சு. கடைசியில கீழே போன கரி சொல்லிக்கிற மாதிரி இல்லை. தோத்த கணக்கை மறைக்காம எழுதினாங்க பாரு, அதுக்காகவே அவங்களைக் கும்பிடலாம். உங்க கம்பெனி விளம்பரத் தாள்ல தோத்த கணக்குன்னு ஒரு வரியாவது இருக்கா?

சரி, கரைக்கு வருவோம். நம்ம தென்னைக்கு. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியக்காலை கஜா புயல் வந்தப்ப நீ மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல போர்த்திக்கிட்டுத் தூங்கின. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் லட்சக்கணக்குல தென்னை சாஞ்சுது. நம்ம தோப்புல வேரோட பெயர்ந்து, மண்ணுருண்டையைத் தூக்கிக்கிட்டு வரிசையா ஒரே திக்குல படுத்துக் கிடந்துச்சு. உங்கப்பன் பொறந்த வருஷம் வச்ச மரம் அதுல இருந்துச்சு. அறுத்துப் போட்டா வாங்க ஆள் இல்லை. செங்கல் சூளைக்காரன் வந்து, லாரி வாடகைக்குச் சரியாப் போச்சுன்னு சொல்லி ஏத்திக்கிட்டுப் போனான். அவன் ஏத்தாம விட்டது தோப்புலயே மக்கிப்போச்சு. அதுல காண்டாமிருக வண்டு முட்டை போட்டுப் பெருகி, தப்பிச்சு நின்ன மரத்தோட குருத்தையும் குடைஞ்சுது. நாப்பது வருஷம் வாங்கின மொய் மொத்தமும் ஒரே ராத்திரியில திருப்பி எழுதியாச்சு. இப்ப சொல்லு, உங்க பத்திரத்துல புயல்னு ஒரு ஷரத்து இருக்கா? பொடி எழுத்துல பதினோராம் பக்கத்துல இருக்கு. பாத்துட்டேன். புயலுக்கு நான் பொறுப்பாம். வருண பகவான்கிட்ட ஜாமீன் வாங்கிட்டு வர்றேன்.

நம்ம ஊரு மட்டும்னு நெனைச்சுக்காதே. 2023-ல கனடாவுல காடு பத்தி எரிஞ்சுது. அந்த ஒரு கோடையில காட்டுலேர்ந்து கிளம்புன கரி, சீனா, அமெரிக்கா, இந்தியா மூணைத் தவிர வேற எந்தத் தேசமும் ஒரு வருஷம் முழுக்க நிலக்கரி பெட்ரோல் எரிச்சு விடுறதைவிட ஜாஸ்தி. அமேசான் காட்டுலயும் தென்கிழக்குப் பக்கம் வாங்குறதைவிடக் குடுக்கிறது கூடிப்போச்சுன்னு 2021-ல அளந்து சொல்லியிருக்காங்க.

மரத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கிற உனக்கு ஒண்ணு சொல்றேன், கீழே பாரு. மண்ணுக்குள்ள கிடக்கிற கரி 1.7 லட்சம் கோடி டன் வாக்குல. உலகத்துச் செடிகொடி மரத்துல உள்ளதையும் காத்துல உள்ளதையும் கூட்டினாலும் அதுக்கு ஈடு வராது. சைபீரியா, அலாஸ்கா பக்கத்து உறைஞ்ச மண்ணு கணக்கு தனி. அது இளகுறது இன்னொரு தலைவலி. எங்கப்பா காலத்துல தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சின்னு விதைச்சு, பூ எடுக்கையில மடக்கி உழுவாரு. தொழு உரம் வண்டி வண்டியாப் போகும். அவருக்குக் கார்பனும் தெரியாது, கிரெடிட்டும் தெரியாது. நெல்லு விளையணும், அவ்வளவுதான். இப்ப அறுவடை மிஷின் போன கையோட வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறானுவ. அந்த நெருப்பை வைக்கிறவனே சாயங்காலம் மரம் நடு விழாவுல மாலை வாங்கிக்கிறான்.

நம்ம பக்கத்துல கரியைப் பூட்டி வச்சிருக்கிற பெரிய பெட்டி இருக்கிறது முத்துப்பேட்டையில. அலையாத்திக் காட்டுக்குள்ள ஒரு தடவை இறங்கிப் பாரு. செருப்பைக் கழட்டிட்டு இறங்கு. இல்லைன்னா சேறே கழட்டிக்கும். முழங்கால் வரைக்கும் மைக்கருப்பு. காலை உருவினா அழுகின முட்டை நாத்தம். அந்த நாத்தம்தான் தம்பி காவக்காரன். உள்ள காத்துப் போகலைன்னு அர்த்தம். காத்துப் போகலைன்னா இலையும் வேரும் லேசுல மக்காது. வருஷா வருஷம் வண்டல் மேல மூடிக்கிட்டே வரும். அதுனாலதான் அந்தக் காட்டுல உள்ள கரியில பெரும்பங்கு மரத்துல இல்லை, சேத்துலதான் கிடக்கு. கஜா அங்கயும் மரத்தைச் சாச்சுது. சேறு கிடந்த இடத்துலயே கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் தெக்கே, கடலுக்குள்ள புல்லு மேடு. ஆவுளியாங்கிற கடல்பசு மேயுற இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமா 448 சதுர கிலோமீட்டரை அதுக்காகப் பாதுகாப்பு இடம்னு 2022-ல அறிவிச்சிருக்காங்க. அந்தப் புல்லும் வேருக்குக் கீழே இதே மாதிரி பதுக்குது. இழுவைமடி போட்டு அடித்தரையை வாரினா புல்லு வேரோட வந்துடும். உங்க கம்பெனித் தாள்ல தென்னையும் சூரியனும்தான் அச்சாகியிருக்கு. சேத்துக்குப் படம் நல்லா வராதுல்ல.

இப்ப அந்த நோட்டுல பேரில்லாதவன் கதைக்கு வர்றேன். இங்கேர்ந்து வடக்கே போனா நெய்வேலி. எந்தக் காலத்துக் காடோ சதுப்புல விழுந்து, மண்ணு மூடி, கோடிக்கணக்கான வருஷம் அமுங்கி, பழுப்பு நிலக்கரியாக் கிடந்துச்சு. வடகிழக்கே போனா நரிமணம். அங்க எண்ணெய், பழங்காலத்துக் கடல்ல மிதந்த பாசியும் பூச்சியும் புதைஞ்சு வெந்தது அது. வடக்கேயே கொஞ்சம் மேற்கா ஒதுங்கினா அரியலூர். ஒரு காலத்துல அங்க அலை அடிச்சிருக்கு. கடல் ஜீவனோட சுருட்டை ஓடெல்லாம் கல்லாகி வாரணவாசி மியூசியத்துல வச்சிருக்காங்க. அந்த ஓடும் சிப்பியும் சேந்த சுண்ணாம்புக் கல்லுதான் இன்னிக்கு சிமெண்டு. கல்லுன்னு நெனைக்காதே, அதுவும் கரிதான். நான் வெத்தலைக்குத் தடவுற கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கே, கிளிஞ்சலைச் சூளையில போட்டா நூறு கிலோவுக்கு 44 கிலோ வாயுவாக் கிளம்பிடும், மிச்சம் 56 கிலோதான் கையில நிக்கும். சிமெண்டு சூளையிலயும் அந்தக் கணக்குதான். எரிக்கிற நிலக்கரிப் புகை தனி.

காடு ஒண்ணு, கடல் ரெண்டு, ஆக மூணு பெட்டி. மூணும் நம்ம வீட்டைச் சுத்தியே இருந்துச்சு. மொய் நோட்டுல என்னிக்கோ அடிச்சுத் தீத்த கணக்கு அது. கேக்க ஆளும் இல்லை, திருப்பிச் செய்ய ஆளும் இல்லை. அதைத்தான் தோண்டி எடுத்துப் பந்தல்ல கொட்டுறானுவ. உலகம் பூரா இப்படித் தோண்டி எரிக்கிறது வருஷத்துக்கு ஆயிரம் கோடி டன் கரி. அதுல கால்வாசியைக் கடல் குடிக்குது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக் காடும் மண்ணும் வாங்கிக்குது. பத்திரமும் கேக்கலை, பதினோராம் பக்கமும் கேக்கலை. மீதி, கிட்டத்தட்டப் பாதி, காத்துலயே நிக்குது, கீலிங் கோடு அதனாலதான் இறங்கலை. கோடிக்கணக்கான வருஷம் பூட்டியிருந்ததைத் தொறந்துட்டு, அதை இந்தக் கிழவனோட தென்னைமரத்துல நாப்பது வருஷம் பத்திரமா வச்சுக்கன்னு குடுக்குறீங்களே, உங்க தைரியத்தைத்தான் மெச்சணும்.

தென்னை வைக்கிறதை நான் நிறுத்தப் போறதில்லை. அது தேங்காய்க்கு. உங்க கம்பெனி காசு குடுத்தா வேண்டாம்னும் சொல்லப் போறதில்லை. உரம் விலை தெரியுமா உனக்கு? ஆனா மேனேஜர்கிட்ட நான் கேட்டதா ஒண்ணே ஒண்ணு கேளு. தென்னையில ஒரு டன் வச்சுக்கிட்டா இம்புட்டு ரூபாய்னு ரேட்டு போட்டிருக்காருல்ல, நெய்வேலியில ஒரு டன்னைத் தோண்டாம அப்படியே விட்டா அதுக்கு என்ன ரேட்டு? அதை வாங்க ஆள் இருக்கா? கேட்டுட்டுப் போன் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடாதே, நான் தூங்கிடுவேன்.